எல்லோருக்கும் வலிக்கிற ஊரில்

எங்கள் பக்கத்தில் உடம்பு வலிக்கிறது என்று சொன்னால் யாரும் நின்று கேட்கமாட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும்தான் வலிக்கிறது. பாசி எடுக்கப் போகும் பெண்கள் கடலுக்குள் முங்கி முங்கி எழுந்து, நனைந்த பாசியைச் சுமந்துகொண்டு கரையேறுகிறார்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவர்களுக்குப் பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். கருவாடு காயப்போடுகிறவர்களுக்குச் சாயங்காலம் இடுப்பு நிமிராது. வலை இழுக்கிற ஆண்களின் தோள்பட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராமேஸ்வரம் தீவிலிருந்து அந்தப் பக்கம் தொண்டி வரை, இந்தப் பக்கம் சாயல்குடி வரை, தலைமாட்டில் ஒரு தைல பாட்டில் இல்லாத வீடு குறைவு.

இப்படி ஒரு ஊரில், வலியே நோயாக இருக்கிற ஒருத்தி அதைப் பிரித்துக் காட்டுவது லேசான காரியம் இல்லை. என் நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. உலக அளவில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதில் பெண்கள் அதிகம். அப்படியென்றால் எங்கள் கரையிலும் பெயர் தெரியாமலே இதைச் சுமந்துகொண்டு திரிகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கத்தான் வேண்டும். அவர்களையும் அவர்கள் வீட்டாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது தங்கச்சிமடம். வீட்டு வாசல் அறையில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகுத் தொழில். மாமியார் எங்களோடு இருக்கிறார். வலி முதலில் கழுத்திலும் தோளிலும்தான் தொடங்கியது. மிஷினில் குனிந்து உட்காருவதால் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அது முதுகுக்கு இறங்கி, இடுப்பு, தொடை, முழங்கை, கணுக்கால் என்று பரவியது. ஒரு நாள் வலது பக்கம், மறுநாள் இடது பக்கம். சில நாள் ரவிக்கையின் தையல் ஓரம் தோளில் படுவதே எரியும்.

இது வேலை செய்த வலி இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஆண்களுக்கு உடம்பு ஆறும். கையில் வலை அறுத்த காயம் காயும், தோள் இறுக்கம் விடும். அந்த வருடம் வீட்டுக்காரர் என்னை மிஷின் பக்கமே போக விடவில்லை. வந்த யூனிஃபார்ம் துணிகளையெல்லாம் பக்கத்துத் தெரு டெய்லரிடம் கொடுத்துவிட்டோம். சமையலைப் பாதி மகள் பார்த்துக்கொண்டாள். தடைக்காலம் முடியும்போது அவருக்குத் தோள் ஆறியிருந்தது. எனக்கு எதுவும் ஆறவில்லை. படுத்திருந்தால்கூட வலித்தது. தூங்கி எழுந்தால் ராத்திரி முழுக்க யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. உழைத்த வலி ஓய்வில் குறையும். ஓய்விலும் குறையாமல், உடம்பின் மேல்பாதி, கீழ்பாதி, இடது, வலது என்று எல்லா இடத்திலும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற வலி என்றால் அதை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கை மருத்துவர்களும் பார்க்கிறார்கள்.

வலியைவிட என்னைப் பயமுறுத்தியது மறதி. அளவு எடுத்து முடித்துத் திரும்புவதற்குள் எண் நழுவிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்த சொல் வாய்க்கு வராது. வெளிச்சம், இரைச்சல், மண்ணெண்ணெய் வாடை எதுவும் தாங்காது. வயிறு ஒரு நாள் கட்டும், ஒரு நாள் போகும். இவையெல்லாம் வேறு வேறு நோய் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே நோயின் முகங்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

பெயர் கிடைப்பதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுளுக்கு வழித்தார்கள். வாய்வு என்றார்கள். கயிறு கட்டினார்கள். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று மாமியார் மனசாரச் செய்து கொடுத்தார். அதில் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, நல்ல சாப்பாடுதான். சிக்குன்குனியா வந்துபோன வலி என்று பலர் சொன்னார்கள். 2006-ல் தமிழ்நாடு முழுக்க அந்தக் காய்ச்சல் அடித்தது, சிலருக்குக் காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மூட்டுவலி நின்றதும் உண்மைதான். ஆனால் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்ததே இல்லை.

ஒரு தனியார் கிளினிக்கில் போனபோதெல்லாம் இடுப்பில் ஒரு ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டால் சத்து ஊசி என்பார்கள். இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். போட்ட அன்றைக்கே உடம்பு லேசாகிப் பசி எடுக்கிற ஊசி, பெயர் எழுதாத பொட்டலத்தில் தருகிற பொடி, இரண்டிலும் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு உண்டு. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டால் பயன் இல்லை. தொடர்ந்து போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் இந்த நோயில் பெரிதாக வேலை செய்வதில்லை, வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் பதம் பார்க்கும். என்ன மருந்து என்று எழுதித் தராதவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேன் எடுத்தோம், எக்ஸ்ரே எடுத்தோம், ரத்தம் கொடுத்தோம். எல்லாமே நார்மல். நார்மல் என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகைதான் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால், "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாகளா? அப்ப எந்திரிச்சு வேலையப் பாரு" என்பார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை. இளம் வயதில் தலைச்சுமையாக மீன் கூடை தூக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். வலியோடு வேலை பார்ப்பது அவருக்கு வாழ்க்கையின் சாதாரணம்.

ஒரு மருத்துவர், மனநல மருத்துவரையும் ஒரு தடவை பாருங்கள் என்று சொன்னார். அவர் சொன்ன விதத்தில் தப்பில்லை. ஆனால் ராமநாதபுரம் ஜில்லாவில் அந்த வார்த்தையைக் கேட்டால் எங்களுக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வரும். 2001 ஆகஸ்டில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி எங்கள் வீடுகளில் இன்னும் அடங்கவில்லை. என் அம்மா அன்று ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத தாயி" என்றார். இப்போது ஏர்வாடி அப்படி இல்லை. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே அரசு மனநல மருத்துவர்கள் மருந்து தருகிறார்கள். பிரார்த்தனையும் நடக்கிறது, மருத்துவமும் நடக்கிறது. ஆனாலும் பயம் லேசில் போவதில்லை.

அதனால் இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஃபைப்ரோமயால்ஜியா கற்பனை இல்லை, நடிப்பு இல்லை, பைத்தியமும் இல்லை. நாள்பட்ட வலியால் மனச்சோர்வும் பதற்றமும் கூடவே வரலாம், அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பது வலிக்கும் சேர்த்து நல்லது. நான் பார்த்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வலி தாங்காமல் செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிற ராத்திரிகள் இந்த நோயில் உண்டு. அந்த எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், அந்த எண்ணுக்கும் பேசுங்கள்.

எனக்கு வழி காட்டியவர் ராமநாதபுரத்தில் ஒரு பொது மருத்துவர். ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எலும்பு டாக்டரைப் பார்த்தது போதும், ரூமட்டாலஜி டாக்டரைப் பாருங்க" என்றார். அப்படி ஒரு துறை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எலும்பு முறிவு, தேய்மானம் பார்ப்பவர் வேறு. மூட்டு, தசை, வாத நோய்களை மருந்தால் பார்க்கிற ரூமட்டாலஜி மருத்துவர் வேறு. மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையில், நாம் பெரிய ஆஸ்பத்திரி என்கிறோமே அங்கே, இதற்குத் தனிப் பிரிவு உண்டு. ராமநாதபுரத்திலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலில் அங்கே பொது மருத்துவப் பிரிவில் காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு மதுரை போவது நல்லது. ரத்தப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே எடுத்துவிடலாம்.

நான் போன காலம் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலம். 2022 டிசம்பரில் நிறுத்தியது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அதுவரை தீவிலிருந்து மண்டபம் வரை பஸ்ஸில் போய் அங்கே ரயில் பிடிக்க வேண்டும். வலிக்கிற உடம்போடு அப்படி வண்டி மாறி ஏறுவது பெரும்பாடு. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை.

போவதற்கு முன் அந்தப் பொது மருத்துவர் ஒரு வேலை சொல்லியிருந்தார். வலியை எழுதி வைக்கச் சொன்னார். என்னிடம் இருந்தது தையல் அளவு நோட்டுதான். அதன் பின்பக்கங்களில் ஒரு மனித உருவத்தை முன்பக்கமும் பின்பக்கமுமாக வரைந்து, வலிக்கிற இடத்தையெல்லாம் பென்சிலால் கருக்கினேன். கீழே அன்றைக்கு எத்தனை மணிக்குப் படுத்தேன், எழுந்தபோது எப்படி இருந்தது, என்ன வேலை செய்தேன், எந்த மாத்திரை போட்டேன் என்று இரண்டு வரி. வலிக்கிறது என்று மட்டும் எழுதாமல் எப்படி வலிக்கிறது என்று எழுதினேன். காலில் உளைச்சல், தோளில் எரிச்சல், முதுகில் குடைச்சல், விரல்களில் குத்தல். நம் பேச்சில் வலிக்கு இத்தனை சொல் இருக்கிறது, அதையெல்லாம் டாக்டரிடம் அப்படியே சொல்லலாம். கூட்டம் அலைமோதுகிற ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம். அந்த நேரத்தில் அழுகை முந்திக்கொண்டால் சொல்ல வந்தது போய்விடும். நோட்டு மறக்காது.

மதுரையில் டாக்டரம்மா அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுநடுவே யாரோ ஒருவரின் பிளவுஸ் அளவு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் இருந்தது. அதையும் தாண்டித் தாண்டிப் படித்தார். அப்புறம்தான் உடம்பைத் தொட்டார். தோள் மேடு, பிடரி, முழங்கைக்குக் கீழே, இடுப்புப் பக்கவாட்டு, முழங்கால் உள்பக்கம் என்று கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். 1990-ல் வகுத்த முறைப்படி இப்படி 18 இடங்களை அழுத்தி, 11 இடத்திலாவது வலித்தால்தான் இந்த நோய் என்பார்களாம். 2010-லிருந்து முறை மாறிவிட்டது. உடம்பை 19 பகுதியாகப் பிரித்து, போன ஒரு வாரத்தில் எங்கெல்லாம் வலித்தது என்று எண்ணுகிறார்கள். அதோடு களைப்பு, தூங்கியும் தெளியாமை, மறதி ஆகியவை எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். இதைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, ஸ்கேனிலும் தெரியாது.

அப்படியானால் ரத்தம் எதற்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன். இதே போல வலி தருகிற மற்ற நோய்களைப் பார்க்கத்தான். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, ரத்தசோகை, முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ், தசை அழற்சி என்று பட்டியல் நீளம். அதற்காகத் தைராய்டுக்கு டி.எஸ்.எச்., உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ரத்த அணுக்கள், தேவைப்பட்டால் முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் போன்றவை எடுப்பார்கள். இந்த நோய்களில் ஒன்று இருக்கும்போதே ஃபைப்ரோமயால்ஜியாவும் கூட இருக்கலாம், அதனால் ஒன்று கண்டுபிடித்துவிட்டால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்குவது, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கை கால் பலம் இழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இவையெல்லாம் ஃபைப்ரோமயால்ஜியாவின் வேலை இல்லை. இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஒன்றுமில்லாத உடம்பு ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நான் என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். மிஷினில் நூல் டென்ஷன் திருகை அதிகமாக இறுக்கிவிட்டால் எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் தையல் சுருங்கும். துணியை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அதில் குறை தெரியாது. அதே மாதிரி என் தசையும் எலும்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைக் கையாளுகிற இடத்தில்தான் இறுக்கம். லேசான தொடுதலைக்கூட அவை வலியாக வாங்கிக்கொள்கின்றன. வலி நிஜம். ஸ்கேன் பார்த்தது துணியை.

பெயர் கேட்ட அன்று பஸ்ஸில் நான் அழவில்லை. உடம்பு அப்படியே வலித்தது, ஆனால் மனதில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. இந்த நோய் மூட்டை அரிக்காது, உறுப்புகளைக் கெடுக்காது, உயிரை எடுக்காது என்று டாக்டரம்மா சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன். முழுதாகக் குணமாகிற மருந்து இல்லை என்றும் சொல்லியிருந்தார். அதையும் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு விஷயம். பொதுவாக இதற்குக் கொடுப்பவை மூன்று நான்குதான். ராத்திரி குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், அல்லது டுலாக்ஸெடின், அல்லது பிரிகாபலின். எதை, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு. எனக்கு அமிட்ரிப்டிலின் சிறிய அளவில் தொடங்கினார்கள். முதல் சில வாரம் வாய் வறண்டது, காலையில் தலை கனத்தது. படுக்கப் போகும் நேரத்தில் போடாமல் சாயங்காலமே சற்று முன்னதாகப் போடலாம் என்று டாக்டரம்மா மாற்றிக் கொடுத்ததும் கனம் குறைந்தது. பிரிகாபலினில் சிலருக்குத் தலைசுற்றலும் கால் வீக்கமும் எடை கூடுவதும் உண்டு. படகில் போகிற ஆண்கள் இதைப் போட்டால் தலைசுற்றலைப் பற்றிக் கட்டாயம் டாக்டரிடம் பேச வேண்டும். எந்த மாத்திரையையும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மருந்துக் கடையில் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மனநோய் மாத்திரை, எதுக்கு உங்களுக்கு?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு. ஒரே மருந்து இரண்டு வேலைக்குப் பயன்படுவது மருத்துவத்தில் சகஜம். டுலாக்ஸெடின் மனச்சோர்வுக்கும் கொடுப்பதுதான், ஆனால் அமெரிக்காவில் 2008-ல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்றே அதற்கு அனுமதி கொடுத்தார்கள். பிரிகாபலினுக்கு அதற்கு முந்தின வருடம். வலிச் செய்தியை அடக்குகிற நரம்புப் பாதையில் இவை வேலை செய்கின்றன. இப்போது யாராவது கேட்டால் நரம்பு வலிக்கு என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

மாத்திரையைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது நடை. ஐரோப்பிய ரூமட்டாலஜி மருத்துவர்களின் அமைப்பு 2016-ல் கொடுத்த பரிந்துரைகளில் எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொன்னது உடற்பயிற்சியைத்தான். வலிக்கிறவளை நடக்கச் சொன்னால் கோபம்தான் வரும், எனக்கும் வந்தது. தந்திரம் எங்கே இருக்கிறது என்றால், மிகச் சிறிதாகத் தொடங்குவதில். ஐந்து நிமிஷம். நன்றாக இருக்கிற நாளிலும் ஐந்தே நிமிஷம், கெட்ட நாளிலும் முடிந்தால் ஐந்து நிமிஷம். அது பழகிய பிறகு ஒன்றிரண்டு நிமிஷம் கூட்ட வேண்டும். நான் வடக்குக் கடல் பக்கம் போகிறேன். தீவில் இருப்பவர்களுக்குத் தெரியும், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், அலை அடிக்கும். வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். காலையில் வெயில் ஏறி நீர் கொஞ்சம் வெதுவெதுப்பான பிறகு முழங்கால் அளவு நீரில் மெதுவாக நடப்பேன். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் இடுப்பில் பாரம் தெரியாது. வெந்நீர்க் குளத்தில் பயிற்சி தருவது இந்த நோய்க்கு ஒரு சிகிச்சையாகவே இருக்கிறது. எங்களுக்குக் கடல் இருக்கிறது. திருக்கை முள் குத்தாமல் இருக்க, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்க வேண்டும், அது கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் நீரில் இறங்குவதில்லை. குளிர் எனக்கு ஆகாது.

அடுத்தது வேலையைப் பிரித்துக்கொள்வது. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் சேர்த்து முடித்துவிடத் தோன்றும். முடித்தால் அடுத்த மூன்று நாள் எழ முடியாது. இந்த நோய் உள்ளவர்கள் பலருக்கும் நடப்பது இது. இப்போது மிஷினில் இருபது நிமிஷம், எழுந்து கைகாலை நீட்டி ஒரு பத்து நிமிஷம், மறுபடி உட்காருவது என்று வைத்திருக்கிறேன். காஜா, ஹூக் வேலையை நாற்காலியில் சாய்ந்து மடியில் வைத்துச் செய்கிறேன். ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் எத்தனை துணி வாங்கலாம் என்று முன்கூட்டியே ஒரு எண்ணிக்கை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்தால் வேறு டெய்லரைக் காட்டிவிடுகிறேன். வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் முன்போல வாரக்கணக்கில் மிஷின் மூடிக் கிடப்பதில்லை.

வீட்டில் ஆதரவு எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நம்பாதவரையே கூட்டிக்கொண்டு போங்கள். நான் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "அம்மா, உங்க மருமகளுக்கு வலி நெஜம். சோம்பல் இல்ல. இது ஒரு நோய்தான், பேரு இருக்கு, மருந்து இருக்கு" என்றார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. ராமநாதபுரம் தாண்டியதும், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சோ என்னவோ, யாரு கேட்டா" என்றார். அந்த வயதில் அவரை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிப் போகவில்லை. அன்றிலிருந்து காலையில் நான் எழத் தாமதமானால் அவரே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்.

இன்னொன்று, உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் வீட்டுக்காரர் பொறுப்பு. கடலுக்குப் போகாத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை வைத்துப் பிடித்து வந்து, பானையில் ஊற்றி, நான் குனியாமல் மோந்துகொள்கிற உயரத்தில் வைத்துவிடுகிறார். நனைந்த துணி பிழிவது மகள். மீன் ஆய்வது என் வேலைதான், ஆனால் அரிவாள்மனையில் குந்தி உட்காராமல் மேடையில் வைத்துக் கத்தியால் ஆய்கிறேன். இரண்டு வேலை கையை விட்டுப் போனதே எனக்குப் பாதி மருந்து.

கடல்புறத்துக் கவலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று செய்தி வருகிற ராத்திரிகளில் எனக்கு வலி ஏறிவிடும். எங்கள் படகாக இல்லாவிட்டாலும் ஏறும். மன அழுத்தம் இந்த நோயைக் கிளப்பும் என்று டாக்டரம்மா சொன்னார், அந்த அழுத்தத்தை நீக்க அவர் கையில் என்ன இருக்கிறது? அந்த நாட்களுக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். தையல் தொடுவதில்லை. வெந்நீர் ஒத்தடம், நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்குப் படுக்கை. போனை மகளிடம் கொடுத்துவிட்டு, முக்கியமான செய்தி வந்தால் மட்டும் சொல்லச் சொல்லிவிடுகிறேன். வலி ஏறியது இறங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும், அதுவே கொஞ்சம் தைரியம்.

அரசு உதவி என்று பார்த்தால், 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஃபைப்ரோமயால்ஜியா பெயர் சொல்லி இல்லை. அதனால் இந்த ஒரு நோய்க்காக மட்டும் அடையாள அட்டை கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த நோயையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. வெளியில் தெரியாத நோய் என்பதாலேயே வேலை இழக்கிற பெண்கள் எத்தனையோ பேர். கிடைக்கிற உதவியைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். எனக்குக் கழுத்துக்கும் முதுகுக்கும் பயிற்சி சொல்லித் தந்தவர் அப்படி வந்த ஒரு தங்கச்சிதான். 104 எண்ணிலும் மருத்துவ விவரம் கேட்கலாம்.

என் கதை மகளிர் குழுவில் தெரிந்த பிறகு, வலி என்று என்னிடம் வந்து உட்காருகிற பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆண்கள் நேராக வருவதில்லை, மனைவியை அனுப்பிக் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இது வரும். நான் யாருக்கும் நோயின் பெயர் சொல்வதில்லை. சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கிற ஒரு அக்கா வந்தார். உடம்பெல்லாம் வலி, களைப்பு, மறதி, எனக்கு இருந்தது அப்படியே அவருக்கும் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் இதே நோய்தான் என்று தோன்றியது, சொல்லவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, உடம்பை வரைந்து காட்டி, ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருக்கு எழுதப் படிக்க வராது, பேத்திதான் எழுதினாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு குறைவு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதத்தில் தெளிந்து, பழையபடி கடலுக்குள் இறங்கிவிட்டார். இன்னொரு பெண்ணுக்கு என் நோயேதான். அவரும் நானும் இப்போது மதுரைக்கு ஒன்றாகவே போகிறோம். ஒருத்தி சீட்டு வரிசையில் நிற்கும்போது இன்னொருத்தி உட்கார்ந்துகொள்வாள், கொஞ்ச நேரத்தில் மாற்றிக்கொள்வோம். இரண்டு நோட்டும் ஒரே பையில் இருக்கும். போகும் வழியில் போன மாதம் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று பேசி, டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியதை ஆளுக்கு மூன்றாகக் குறைத்து எழுதிக்கொள்வோம். மூன்றுக்கு மேல் போனால் பின்னால் நிற்பவர்களுக்கு நேரம் இருக்காது.